மூளை மலிவு, மூலைதான் செலவு

ரூ 500க்கும் குறைந்த சர்க்யூட் பலகை, இலவச சாஃப்ட்வேர், காயலான் கடை இரும்பு. டெல்லியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் மரம் செதுக்கும் கம்ப்யூட்டர் இயந்திரம் உருவான கதை.

கம்ப்யூட்டர் திரையில் அது கச்சிதமான சதுரம். பக்கத்துக்கு 400 மில்லிமீட்டர். இயந்திரத்தின் மூக்கில் வெட்டும் பிட்டுக்குப் பதிலாக ஒரு பால்பாயின்ட் பேனாவை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தோம். பேனா ப்ளைவுட் மீது நகர்ந்தது, திரும்பியது, மறுபடி திரும்பியது, புறப்பட்ட புள்ளிக்கே வந்து நின்றது. கொட்டகையில் இருந்த பையன்கள் கை தட்டினார்கள். உஸ்தாத் தட்டவில்லை. பீடியை அணைத்துவிட்டு வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “டேடா ஹை” என்றார். கோணல்.

டேப்பை எடுத்து மூலைக்கு மூலை வைத்தோம். ஒரு பக்கம் 568 மில்லிமீட்டர், மறுபக்கம் 563. சதுரம் என்று நாங்கள் கை தட்டியது, மூன்றரை மில்லிமீட்டர் சாய்ந்து நின்ற ஒரு நாற்கரம். கம்ப்யூட்டரைக் கேட்டால் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். அது சொன்னதை மோட்டார் செய்தது. மோட்டார் உட்கார்ந்திருந்த இரும்புதான் சாய்ந்திருந்தது.

இடம், மேற்கு டெல்லி கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. உஸ்தாத் உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூர்க்காரர். ஷீஷம் மரத்தில் கொடியும் பூவும் செதுக்குவதில் பெயர் பெற்ற ஊர் அது. (ஷீஷம், நம் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு.) பத்து வயதில் உளி பிடித்தவர், நாற்பது வருடமாக அதைக் கீழே வைக்கவில்லை. எனக்கு ஒரு புத்தக அலமாரி செய்து தந்தபோது பழக்கம். பகலில் அலுவலகக் கணக்கும் இரவில் சர்க்யூட் பலகையுமாக நான் காலம் தள்ளுவதை எப்படியோ தெரிந்துகொண்டு, ஒரு நாள் கேட்டார்: “பாய்சாப், அந்த மெஷினை நாமே செய்ய முடியாதா?”

‘அந்த மெஷின்’ எது என்று அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை. சந்தின் முனையில் அது இரவு பகலாக அலறிக்கொண்டிருந்தது. எட்டடிக்கு நாலடி எம்.டி.எஃப். பலகையை உள்ளே கொடுத்தால் வெளியே ஜாலியாக வரும். நம்மூர் ஜாலி அல்ல. முகலாயக் கட்டிடங்களில் கல்லில் பார்ப்போமே, அந்தத் துளைப்பின்னல். அடுக்குமாடி வீடுகளின் பூஜை அறைக் கதவும் வரவேற்பறைத் தடுப்பும் இப்போது அதில்தான். உஸ்தாதுக்கு வந்துகொண்டிருந்த கதவு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக முனைக் கடைக்குப் போயின. தொழிற்சாலையில் செய்த பெரிய ரவுட்டர் வாங்கச் சில லட்சம் வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு லட்சம். அதிலும் பாதி கடன்.

இயந்திரத்தின் தத்துவம் எளிது. கையில் பிடித்து ஓட்டும் ரவுட்டரைத் தச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். வேகமாகச் சுழலும் மோட்டார், அதன் முனையில் பிட். அதை மனிதக் கைக்குப் பதிலாக மூன்று திருகாணிகள் நகர்த்துகின்றன. ஒன்று இடம் வலம், ஒன்று முன் பின், ஒன்று மேல் கீழ். எந்தத் திருகாணியை எத்தனை சுற்று, எந்த வேகத்தில் என்பதைக் கம்ப்யூட்டர் எண்களாகச் சொல்கிறது. சி.என்.சி. என்ற மூன்றெழுத்துக்கு அர்த்தம் இதுதான்: கம்ப்யூட்டர் எண்களால் ஆட்டி வைப்பது.

எண்களால் ஆட்டி வைக்கும் யோசனை வந்தது ஹெலிகாப்டரிலிருந்து. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கை சம்பந்தமான வேலைகளை எடுத்துச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைந்த வடிவத்தைக் கணக்கிட்ட புள்ளிகளாகப் பிரித்து, புள்ளி புள்ளியாக வெட்டலாம் என்றார். விமானப்படை பணம் கொடுத்தது. எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952ல் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில். மூளையோ நூற்றுக்கணக்கான வால்வுகள் எரியும் அலமாரிகள். வெட்டும் இயந்திரத்தைவிட மூளைதான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டது.

அந்த மூளை இன்று உள்ளங்கைக்குள் அடங்கும். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005ல் மாணவர்களுக்காக உருவான ஆர்டுவினோ பலகைதான் அது. வரைபடம் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருப்பதால், அதே மாதிரிப் பலகையை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். விற்கிறார்கள். நினைவகம் வெறும் 2 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நார்வேக்காரர் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009ல் இதற்காகவே ஜி.ஆர்.பி.எல். என்ற சாஃப்ட்வேரை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அந்தச் சிறிய நினைவகத்துக்குள் மூன்று மோட்டார்களை ஒரே தாளத்தில் ஓட்டும் வித்தை அது. வளைவு வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கும், தாண்டியதும் கூட்டும். மலைப்பாதையில் பஸ் ஓட்டும் அனுபவசாலி மாதிரி.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. பெங்களூரில் 1953ல் தொடங்கிய எச்.எம்.டி. இத்தகைய இயந்திரங்களைச் செய்தது. 1962ல் அதே ஊரில் மத்திய அரசு ஆரம்பித்த இயந்திரக் கருவிக் கழகம் இதற்கான ஆராய்ச்சிக்கென்றே அமைந்தது. ஆனால் அவை தொழிற்சாலைகளின் சமாசாரம். சின்னப் பட்டறைக்கு அந்த வாசல் திறக்கவில்லை. கிராமத்துப் பக்கம் திறந்த முதல் வாசல்களில் ஒன்று புனே அருகே பாபல் என்ற ஊரில். எஸ்.எஸ். கல்பாக் என்ற விஞ்ஞானி 1983ல் அங்கே தொடங்கிய விக்யான் ஆசிரமத்தில், 2002ல் எம்.ஐ.டி.யின் துணையோடு ஒரு ‘ஃபேப் லேப்’ வந்தது. கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் கருவிகளைக் கிராமத்துப் பையன்கள் கையில் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை. அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் சில கூடங்களில் அதுவும் ஒன்று.

நாங்கள் தொடங்கியது செங்கோட்டைக்கு எதிரே, லஜ்பத் ராய் மார்க்கெட்டில். ஆர்டுவினோ பலகை ஐந்நூறு ரூபாய்க்கு உள்ளே முடிந்தது. ஸ்டெப்பர் மோட்டார்கள் நான்கு, அவற்றை இயக்கும் டிரைவர்கள் நான்கு, 36 வோல்ட் பவர் சப்ளை. தண்ணீரால் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் மட்டும் ரூ 24,000 விழுங்கின. அடுத்த பெரிய செலவு நேராக நகர்வதற்கான சாமான்களுக்கு. உருக்குத் தண்டவாளங்கள், உள்ளே குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூக்கள். கையில் எடுத்தால் எண்ணெய் வழுக்கலோடு தானாகவே சுழலும். உஸ்தாத் அந்த ஸ்க்ரூவை வாங்கி, காதருகே வைத்து உருட்டிக் கேட்டார். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் மாற்றித் தந்தார்.

சட்டத்துக்கான இரும்பு மாயாபுரி காயலான் சந்தையிலிருந்து. 2010ல் பழைய சாமானோடு வந்த கோபால்ட்-60 கதிர்வீச்சைக் கக்கி ஒருவர் உயிரைக் குடித்ததே, அதே மாயாபுரி. எங்களுக்குக் கிடைத்தவை சாதுவான செவ்வகக் குழாய்கள், 80க்கு 40 மில்லிமீட்டர். மொத்தக் கணக்கு ரூ 90,000க்குச் சற்று மேலே போய் நின்றது. கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது: யோசிக்கும் பகுதிக்கு ஐந்நூறு. மீதி அத்தனையும் நேராக நிற்பதற்கும் நகர்வதற்கும் சுழல்வதற்கும்.

முதல் தவறு வெல்டிங்கில். சட்டத்தைத் தரையில் வைத்து மூலைகளைப் பற்றவைத்தோம். சூடு ஆறும்போது வெல்டு சுருங்கி இரும்பைத் தன் பக்கம் இழுக்கும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் படித்தும் இருக்கிறேன். படித்ததற்கும் 1,200க்கு 900 மில்லிமீட்டர் சட்டம் கட்டில் மாதிரி ஒரு கால் தூக்கி ஆடுவதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அந்தச் சட்டத்தின் மேல்தான் பேனாவைக் கட்டிச் சதுரம் போட்டோம்.

உஸ்தாத் ‘டேடா ஹை’ சொன்ன பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. வெல்டை அறுத்து எறிந்துவிட்டு, போல்ட் போட்டு முடுக்கினோம். முடுக்குவதற்கு முன் நூல். எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினால் அவை நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடக்க வேண்டும். இடைவெளி விழுந்தாலோ, ஒன்று மற்றொன்றை அழுத்தினாலோ சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நூல் பிடித்தாற்போல் என்று நாம் சும்மா சொல்வதில்லை. மூலைகளுக்கு மூன்று, நாலு, ஐந்து கணக்கு: ஒரு பக்கம் 900, மறு பக்கம் 1,200 என்றால் குறுக்கே 1,500 வர வேண்டும். பிதாகரஸ் பெயரை உஸ்தாத் கேள்விப்பட்டதில்லை. கணக்கு அவருக்குத் தெரியும்.

தண்டவாளங்களுக்குக் கீழே மயிரிழைப் பள்ளங்கள். அவற்றை நிரப்ப உஸ்தாதின் அக்கா மகன் குளிர்பானத் தகர டப்பாவைக் கத்தரித்துப் பட்டைகளாக்கிச் செருகினான். அந்தத் தகடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். இரண்டு ஓரங்களிலும் தனித்தனி மோட்டார்கள் மேல்பாலத்தைத் தள்ளுகின்றன. ஒன்று சற்று முந்திக்கொண்டாலும் பாலம் குறுக்கே சிக்கிக்கொள்ளும். அதை நேராக்க ஒரு முழு நாள். மூன்றாவது ஞாயிறு மாலை மறுபடி பேனா, மறுபடி சதுரம். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே டேப்பில் வித்தியாசம் தெரியவில்லை. உஸ்தாத் குனிந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொன்னார்.

கணக்கு கைக்கு வந்ததும் சுலபம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரிக்கிறது, ஆக 1,600. திருகாணி ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். ஒரு மில்லிமீட்டருக்கு 320 அடிகள். உளியின் ஒரு தட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று உஸ்தாதைக் கேட்டேன். சிரித்தார்.

பிறகு நடந்தது சிரிக்கும்படியாக இல்லை. ஸ்பிண்டிலைப் போட்ட மறுகணம் இயந்திரம் நின்றது. மறுபடி போட்டால் மறுபடி. பாலம் ஓரத்தில் இடித்துவிட்டதாகப் பலகை அலறியது. பாலமோ நட்ட நடுவில். ஸ்பிண்டிலின் வேகப் பெட்டி வீசும் மின் இரைச்சல், பக்கத்தில் ஓடிய மெல்லிய ஒயருக்குள் புகுந்து பொய்ச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் சட்டத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். “மாமு, கடிக்குது.” டெஸ்டரை வைத்தேன். இரும்புச் சட்டம் முழுக்க விளக்கு எரிந்தது.

பிளக்கில் மூன்று கால்கள் இருந்தன. சுவரில் மூன்று ஓட்டைகளும் இருந்தன. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எதுவுமே இல்லை. எர்த் ஒயர் சுவருக்குள் எங்கேயோ முடிந்துபோயிருந்தது. அப்படியே வருடக்கணக்கில் ரம்பம் ஓட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் எத்தனை சுவர்களில் அந்த மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம் என்று யோசித்தால் தூக்கம் போய்விடும். நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்து, கொட்டகைக்கு வெளியே குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, எர்த் எடுத்தோம். கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் போட்டோம். உறை போட்ட ஒயர்களைத் தனி வழியில் ஓட்டினோம். அன்றிலிருந்து பொய்ச் சேதியும் இல்லை, கடியும் இல்லை. இயந்திரம் கட்ட ஆசைப்படுகிறவர்கள் மோட்டார் வாங்குவதற்கு முன் சுவரைத் திறந்து பார்ப்பது நல்லது.

முதல் ஷீஷம் பலகை கருகியது. பயந்துபோய் நான் பிட்டை மெதுவாக நகரவிட்டதுதான் காரணம். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்பது சைக்கிளுக்குப் பொருந்தும். நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும் பிட் நகராமல் தேங்கினால் மரத்தைச் சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் புகை. இரண்டு பற்கள் உள்ள அதே பிட்டை நிமிடத்துக்கு 1,800 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டினால், ஒவ்வொரு பல்லும் 0.05 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவலை எடுக்கிறது. சூடு சீவலோடு வெளியேறுகிறது. எண்ணைக் கணக்கிட்டவன் நான். சரியான வேகம் வந்துவிட்டதைச் சத்தத்தை வைத்துச் சொன்னவர் உஸ்தாத், கொட்டகையின் மறுகோடியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தூசு வேறு கதை. கை உளி சீவல்களாகத் தள்ளுவதை இந்த இயந்திரம் மாவாக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லேயே மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. எம்.டி.எஃப்.பில் மரத்தோடு பசையும் சேர்ந்து பறக்கிறது. உஸ்தாதின் இருமலைக் கேட்டவர்களுக்குப் பட்டியல் தேவைப்படாது. பிட்டைச் சுற்றி பிரஷ் வளையம், உறிஞ்சும் குழாய், தூசு அடங்க ஒரு பெயிண்ட் வாளி, ஆளுக்கொரு முகமூடி. பையன்கள் போட்டுக்கொள்கிறார்கள். அவர் பீடி பிடிக்க ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றுகிறார்.

கரண்ட் போவதற்கு மருந்து இல்லை. ஸ்டெப்பர் மோட்டார் குருடு. எத்தனை அடி வைத்தோம் என்ற எண்ணிக்கைதான் அதற்குக் கண். ஐந்து மணி நேர வேலையில் மூன்றாவது மணியில் மின்சாரம் போனால் எண்ணிக்கை அழிந்துவிடும். ஆகவே ஆரம்பப் புள்ளியைக் கண்டுபிடிக்க மூலையில் ஸ்விட்சுகள். எந்த வரியில் நின்றது என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு அக்கா மகன் பொறுப்பு.

இயந்திரம் ஓடத் தொடங்கி இரண்டு மாதத்தில் கதவு ஆர்டர்கள் திரும்பின. உஸ்தாத் புத்திசாலித்தனமாக ஜாலியில் இறங்கவில்லை. முனைக் கடையோடு சதுர அடி விலையில் மோதினால் தோற்போம் என்றார். பூவின் பின்னணியைத் தாழ்த்தி எடுக்கும் முரட்டு வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தார். மூன்று அச்சு இயந்திரம் மேலிருந்துதான் குடையும். இதழின் அடிப்பக்கம் புகாது. உருளைப் பிட் என்பதால் உள்மூலைகள் எல்லாம் வட்டமாக நிற்கும். அந்த மூலைகளைக் கூர்மையாக்குவதும், இதழுக்கு அடியில் நிழல் விழும்படி குடைவதும் கை உளி. வாங்குகிறவர்கள் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

கணக்கில் இடிப்பது ஒன்றுதான். பின்னணியைத் தாழ்த்தும் வேலைதான் சஹாரன்பூரில் பையன்களுக்குக் கொடுக்கும் முதல் வேலை. உஸ்தாதும் அதில்தான் கற்றார். மரம் எந்தப் பக்கம் பிளக்கும், எந்தப் பக்கம் இணங்கும் என்பது கைக்குப் புரிய இரண்டு மூன்று வருடம் அதைச் செய்ய வேண்டும். இப்போது அதை இயந்திரம் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறது. கொட்டகையில் இருந்த மூன்று பையன்களில் ஒருவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். அவனை அனுப்பியது மெஷின் இல்லை, அவன் அம்மாவின் உடல்நிலை என்கிறார் உஸ்தாத். அவனுக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். நான் கேட்காமலே.

மீதி இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். தினமும் காலையில் இயந்திரம் போடும் முன் ஒரு மணி நேரம் கழிவுப் பலகையில் கையால் பின்னணி எடுக்க வேண்டும். அதற்கும் கூலி உண்டு. முனைக் கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்.

நடுவில் ஒரு டிரைவர் புகைந்தது. அக்கா மகன் மெட்ரோவில் லஜ்பத் ராய் மார்க்கெட் போய் ரூ 1,800க்கு இன்னொன்று வாங்கி வந்து மாட்டினான். மதியத்துக்குள் இயந்திரம் ஓடியது. என்னை அவன் கூப்பிடவே இல்லை. மறுநாள்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் போனபோது கொட்டகைச் சுவரில் இரண்டாவது சட்டம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பஸ்சிம் விஹாரில் கடை வைத்திருக்கும் ஒரு தச்சருக்காக அவன் கட்டுகிறான். குறுக்குக் குழாயில் சாக்பீஸால் 1,500 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 1,501 என்று எழுதியிருந்தது. உஸ்தாத் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.